பயணப்பை: எரிமலையிலிருந்து இருபது நிமிடம் முன்னால் இறங்கியவர்கள்

2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை. நம் ஊரில் காலை ஆறே முக்கால் மணி. குழந்தைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும் நேரம். நியூசிலாந்தில் அப்போது மதியம் 2:11.

அந்த நாட்டின் வடக்குத் தீவுக்கு அருகே, கரையிலிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி, கடல் நடுவில் இருக்கிறது ஃபகாரி என்ற எரிமலைத் தீவு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு 'வொயிட் ஐலண்ட்' என்றால்தான் தெரியும். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு குழு, தீவை ஒட்டி நின்ற படகில் ஏறி உட்கார்ந்திருந்தது. படகு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது தீவின் நடுவிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாக ஒரு புகைத்தூண் எழும்பியது. சத்தம் பெரிதாக இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புகை சரிந்து, தீவையே மூடிக்கொண்டு கடலை நோக்கி வந்தது.

அந்தப் படகில் இருந்த அமெரிக்கப் பயணி ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோதான் அன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றியது. அவரும் குடும்பத்தினரும் தீவிலிருந்து இறங்கி இருபது நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குச் சற்று முன்பு, இப்போது வெடித்த அதே பள்ளத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இறங்கிவிட்டார்கள். ஆனால், தீவு காலியாக இல்லை. அடுத்த குழு உள்ளே போயிருந்தது. எரிமலையைக் கண்காணிக்க அங்கே பொருத்தியிருந்த கேமரா 2:10 மணிக்கு எடுத்த படத்தில், பள்ளத்துக்குள் வரிசையாக மனிதர்கள் நடந்துபோவது சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிகிறது. அதற்கடுத்த நிமிடம் எரிமலை வெடித்தது.

எரிமலைக்கு ஒரு நாள் டூர்

எரிமலை என்றதும் சினிமாவில் வருவதுபோலச் செந்நிறக் குழம்பு வழியும் மலை ஞாபகம் வரும். ஃபகாரி அப்படி இருக்காது. இந்த எரிமலையின் பெரும்பகுதி கடலுக்குள் முங்கிக் கிடக்கிறது. வெளியே தெரியும் உச்சி 321 மீட்டர்தான். ஒரு பக்கம் உடைந்த கிண்ணத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த உடைந்த பக்கத்தின் வழியாக, கடல்மட்டத்திலிருந்து மேடே ஏறாமல், எரிமலையின் வயிற்றுக்குள் நேராக நடந்து போய்விடலாம். வயதானவர்களும் போகலாம், குழந்தைகளும் போகலாம். உலகத்தில் இவ்வளவு சுலபமாக உள்ளே போகக்கூடிய எரிமலை அபூர்வம் என்பதால்தான் இங்கே இத்தனை கூட்டம். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள்.

தீவு ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. 1936-ல் அந்தக் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் வாங்கிப் போட்டது. ஒரு காலத்தில் இங்கே கந்தகம் வெட்டி எடுத்தார்கள். துருப்பிடித்த அந்தத் தொழிற்சாலையின் மிச்சம் இன்னும் கரையில் நிற்கிறது. 1914-ல் பள்ளத்தின் சுவர் சரிந்து சேறு பாய்ந்ததில், அங்கே தங்கி வேலை பார்த்த தொழிலாளர்கள் அத்தனை பேரும் இறந்துபோனார்கள். முகாமில் இருந்த பூனை மட்டும் உயிரோடு கிடைத்தது. டூர் வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சுவாரஸ்யமாகச் சொல்வார்கள்.

ஃபகடானே என்ற கடற்கரை ஊரிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கியதும் தலைக்கு ஹெல்மெட், மூச்சுக்கு கேஸ் மாஸ்க். அமில வாடையில் தொண்டை கரகரத்தால் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாய் தருவார்கள். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் மாட்டியவுடன் ஒரு தைரியம் வந்துவிடும் இல்லையா? திருவிழா ராட்டினத்தில் இடுப்புக்கு பெல்ட் கட்டியதும் வருமே, அதே தைரியம்.

அன்றைக்குத் தீவில் இருந்தவர்கள் 47 பேர். அவர்களில் 38 பேர், 'ஓவேஷன் ஆஃப் தி சீஸ்' என்ற சொகுசுக் கப்பலில் வந்தவர்கள். கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். மாலைக்குள் திரும்ப வேண்டும். இடையில் பொழுதுபோக்க கப்பலிலேயே டூர் பட்டியல் தருவார்கள். திராட்சைத் தோட்டம், வெந்நீர் ஊற்று, எரிமலைத் தீவு... எது வேண்டுமோ டிக் செய்ய வேண்டியதுதான். ஒரே பட்டியலில், ஒரே மாதிரி எழுத்தில் அச்சாகியிருந்தால், திராட்சைத் தோட்டத்துக்கும் எரிமலைக்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்?

குக்கர் வெடித்த மாதிரி

அன்று வெடித்தது நெருப்புக் குழம்பு இல்லை. நீராவி.

பள்ளத்துக்கு அடியில் பாறை இடுக்குகளில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஆழத்தில் இருக்கும் நெருப்புக் குழம்பு அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். மேலே பாறை அழுத்துவதால், நூறு டிகிரியைத் தாண்டியும் அது ஆவியாகாமல் தண்ணீராகவே இருக்கும். தாதுக்கள் படிந்து மேலே உள்ள துளைகள் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். குக்கரின் வெயிட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது சமையலறையில் நிற்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்காவது ஒரு விரிசல் விட்டால் போதும், அவ்வளவு தண்ணீரும் ஒரே நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது அதன் கனஅளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்த வேகம் பாறையையும் சேற்றையும் பொடியாக்கி, கொதிக்கும் மேகமாக வெளியே தள்ளும்.

நெருப்புக் குழம்பு மேலே ஏறி வந்தால் நிலம் அதிரும், தரை உப்பும், கருவிகள் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நீராவி வெடிப்பு பெரும்பாலும் அப்படி முன்னறிவிப்பு தருவதில்லை. 'வெடிப்பதற்கு முன்னால் ஓடிவிடலாம்' என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை. ஃபகாரியில் புகை சுமார் 3.7 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. பக்கவாட்டில் பாய்ந்த சூடான சாம்பல்தான் உயிர்களைப் பறித்தது. பள்ளத்தின் மூன்று பக்கமும் சுவர். திறந்திருந்த ஒரே பக்கம், மனிதர்கள் வந்துபோகும் கடற்கரைப் பக்கம். சாம்பலும் அந்த வழியாகத்தான் வந்தது.

ஹெல்மெட்டும் மாஸ்க்கும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அரைக்கைச் சட்டையும் ஷார்ட்ஸும் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நிறைய பேர். அங்கே அது கோடைக்காலம்.

திரும்பிப் போன படகு

கிளம்ப இருந்த படகு, புகை துரத்தி வந்ததும் முதலில் கடலுக்குள் விலகியது. மேகம் தணிந்ததும் திரும்பித் தீவை நோக்கிப் போனது. தீவின் சின்ன இறங்குதுறையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சாம்பல். ரப்பர் படகில் அவர்களை ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு கரைக்கு வந்த பயணத்தை நினைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு முன்பு வரை எல்லோருமே டூரிஸ்ட்டுகள். இப்போது படகில் பாதிப் பேர் உயிருக்குப் போராடுகிறார்கள், மீதிப் பேருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீறல் இல்லாதவர்கள் தங்கள் குடிநீர் பாட்டில்களைத் திறந்து மற்றவர்களின் காயங்களில் ஊற்றினார்கள். போட்டிருந்த சட்டையையும் ஜாக்கெட்டையும் கழற்றிக் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கிவிடாதபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். டாக்டர் படிப்பு படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். படகுக்கு அன்று வேறு வேகமும் இல்லை. கரை அதே 48 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது.

வானத்திலும் ஒரு கூட்டம் கிளம்பியது. தீவு மறுபடி வெடிக்கலாம் என்று அரசு மீட்புக் குழுவினர் தயங்கி நின்ற நேரத்தில், டூர் ஹெலிகாப்டர்களை ஓட்டும் தனியார் விமானிகள் சிலர் தாமாகவே பறந்து போய்த் தீவில் இறங்கினார்கள். பன்னிரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அரசுக் குழு ஏன் போகவில்லை என்ற கேள்வி அந்த நாட்டில் வெகுநாள் கேட்கப்பட்டது.

தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்துபோனார்கள். சிலர் அன்றே, சிலர் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்து. வழிகாட்டிகளாகப் போன உள்ளூர்க்காரர்கள் இருவரும் அதில் அடக்கம். இருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. மீதி 25 பேரும் காயம்பட்டவர்கள். அதில் பெரும்பாலானவர்களுக்கு நீண்டகால சிகிச்சை தேவைப்பட்டது.

நியூசிலாந்தின் நான்கு தீக்காயப் பிரிவுகளும் நிரம்பிவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்த 31 பேரில் 27 பேருக்கு உடலில் முப்பது சதவிகிதத்துக்கும் மேல் காயம். கருகிய தோலை எடுத்துவிட்டு, புதுத்தோல் வளரும்வரை மூடி வைக்க, இறந்தவர்கள் தானமாகத் தந்த தோல் வேண்டும். உள்நாட்டில் அவ்வளவு இருப்பு இல்லை. அமெரிக்காவிலிருந்து 12 லட்சம் சதுர சென்டிமீட்டர் தோலுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். நம் கணக்கில் சுமார் 1,290 சதுர அடி, அதாவது ஒரு மூன்று பெட்ரூம் ஃப்ளாட்டின் பரப்பு. கண்தானம் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோலையும் தானம் செய்யலாம் என்பது இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

எண் 2-க்கு என்ன அர்த்தம்?

'யாருக்குமே தெரியாமல் நடந்துவிட்டது' என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. வெடிப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, நவம்பர் 18-ம் தேதி, அந்த நாட்டின் எரிமலைக் கண்காணிப்பு அமைப்பான ஜியோநெட், ஃபகாரியின் எச்சரிக்கை நிலையை 1-லிருந்து 2-ஆக உயர்த்தியது. இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படியே அறிவிப்பு வந்தது.

பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போகும் அளவுகோல் அது. ஐந்துக்கு இரண்டு என்றால் நம் காதில் எப்படி விழும்? 'பாதிகூட இல்லையே' என்றுதான். ஆனால், அந்த அளவுகோலில் 3, 4, 5 மூன்றுமே எரிமலை வெடித்துக்கொண்டிருக்கும்போது கொடுக்கும் எண்கள். வெடிக்காத எரிமலைக்குத் தரக்கூடிய உச்சபட்ச எண்ணே 2-தான். பரீட்சையில் ஐந்துக்கு இரண்டு வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல. இந்த விளக்கம் படகில் ஏறுகிறவருக்கு யாராவது சொன்னார்களா? உயிர் தப்பியவர்களில் பலர், அப்படி யாரும் சொல்லவில்லை, தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டோம் என்றார்கள்.

இதைவிட மனதை உறுத்துவது இன்னொரு தேதி: 2016 ஏப்ரல் 27. அன்றும் இதே ஃபகாரி வெடித்தது. சாம்பலும் சேறும் பள்ளத்தின் தரையை, டூர் குழுக்கள் தினமும் நடக்கும் பாதை உட்பட, மூடிவிட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அது இரவு நேரம். தீவில் ஈ காக்காய் கிடையாது. அதே வெடிப்பு பகலில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது பாதையைப் பார்த்த எவருக்கும் புரிந்திருக்கும். சில நாட்கள் கழித்து டூர் மறுபடி ஆரம்பித்தது. படகுகள் போயின, ஹெல்மெட் மாட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். மூன்றரை ஆண்டுகள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

2019-ல் முதல் படகில் வந்தவர்கள் இருபது நிமிடத்தில் தப்பினார்கள். அவர்களுக்கு முன்பு 2016-ல் அந்தத் தொழிலே ஒரு ராத்திரி வித்தியாசத்தில் தப்பியிருந்தது. முன்னவர்களின் தப்பித்தலில் அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. டிக்கெட்டில் எந்த நேரம் அச்சாகியிருந்ததோ அந்த நேரத்துக்குப் போனார்கள், வந்தார்கள். பின்னதில் செய்வதற்கு நிறைய இருந்தது.

வழக்கு நடந்தபோது நீதிபதியும் இந்த 2016 இரவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகாவது நிபுணர்களை வைத்து ஆபத்தை முறையாக அளந்திருக்க வேண்டாமா என்று. மொத்தம் 13 தரப்புகள் மீது குற்றச்சாட்டு. சில நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டன. சில வழக்குகள் தள்ளுபடியாகின. தீவின் உரிமையாளர்கள் நடத்திய நிறுவனம் குற்றவாளி என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 2024 மார்ச்சில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு கோடி நியூசிலாந்து டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு. அதோடு முடியவில்லை. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உரிமையாளர் நிறுவனத்தின் மீதான தண்டனையை மட்டும் ரத்து செய்துவிட்டது. அவர்கள் நிலத்துக்குள் போக அனுமதி கொடுத்தவர்கள்தான், அங்கே அன்றாடம் டூர் நடத்துவதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அவர்களுடையது இல்லை என்பது தீர்ப்பின் சாரம். வாடகைக்கு விட்ட இடத்தில் நடப்பதற்கு வீட்டு ஓனர் எதுவரை பொறுப்பு என்று நாம் தெருவில் போடும் சண்டையின் பெரிய வடிவம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அது என்ன ஆறுதல் தரும்?

பாலி டிக்கெட் போட்டாச்சா?

நியூசிலாந்து நமக்குத் தூரம். ஆனால், சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக பாலிக்கு ஹனிமூன் போவது இப்போது சாதாரணம். பாலி டூர் பேக்கேஜில் 'பத்தூர் எரிமலையில் சூரிய உதயம்' கட்டாயம் இருக்கும். பக்கத்து ஜாவா தீவின் இஜென் எரிமலையில் நீலத் தீயைப் பார்க்க ராத்திரியோடு ராத்திரியாக ஏறுவார்கள். அங்கேயும் கேஸ் மாஸ்க் உண்டு.

இரண்டையும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், இந்தோனேசியாவிலேயே 2023 டிசம்பர் 3-ல் நடந்ததைத் தெரிந்துகொண்டு போகலாம். சுமத்ராவின் மராபி எரிமலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெடித்தபோது, சுமார் 75 பேர் மலையில் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். அப்போது அதன் எச்சரிக்கை நிலை, நான்குக்கு இரண்டு. உச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்று எரிமலை ஆய்வுத் துறை சொல்லியிருந்தது. மலையேறும் பாதை திறந்துதான் இருந்தது.

இந்தோனேசிய எரிமலைகளின் அன்றைய நிலவரம் 'மாக்மா இந்தோனேசியா' என்ற அரசுத் தளத்தில் செல்போனிலேயே கிடைக்கிறது. டூர் ஆபரேட்டரிடம் கேட்டால், 'சேஃப் சார், தினமும் ஆட்கள் போறாங்க' என்பார். பாவம், அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். இன்றைக்கு நிலை என்ன? அந்த நிலையில் எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்? நம்மைக் கூட்டிப்போகும் இடம் அதற்கு உள்ளேயா, வெளியேயா? டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், எரிமலை ஏற்றம் அதில் சேர்த்தியா என்று பாலிசியில் பார்த்துக்கொள்வதும் நல்லது. சாகசப் பயணத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டிய பாலிசிகள் உண்டு. நம் அந்தமானிலும் பாரன் தீவு என்று ஓர் எரிமலை இருக்கிறது. அங்கே இறங்கவே அனுமதி கிடையாது. படகிலிருந்து பார்ப்பதோடு சரி.

ஃபகாரியிலும் இப்போது அப்படித்தான். 2019-க்குப் பிறகு தீவில் எந்த டூரும் இறங்குவதில்லை.

ஜப்பானில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, பகல் 11:52. இலையுதிர்கால வண்ணங்களைப் பார்க்கக் கூட்டம் குவிந்திருந்த ஒன்டாக்கே மலை, இதேபோல நீராவி வெடிப்பில் வெடித்தது. 58 பேர் இறந்தார்கள், ஐந்து பேரைக் காணவில்லை. வார நாளாகவோ இரவாகவோ இருந்திருந்தால் உச்சியில் அவ்வளவு பேர் இருந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த மலையின் எச்சரிக்கை நிலை 1. அந்த 1-க்குப் பக்கத்தில் ஜப்பான் வானிலைத் துறை எழுதி வைத்திருந்த விளக்கம், 'இயல்பு நிலை'. அடுத்த ஆண்டே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். எண் மாறவில்லை, அதே 1-தான். பக்கத்தில் மட்டும் இப்போது, 'இது உயிருள்ள எரிமலை என்பதை மனதில் கொள்ளவும்' என்று இருக்கிறது.